ஊரே பார்த்த எம்.ஆர்.ஐ. படம்

பத்து நாளாக எனக்கு பி.பி. இறங்கவே இல்லை. காரணம், காட்டூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரரின் முதுகு.

அத்தானுக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை. இரும்பைத் தூக்கித் தூக்கி முதுகில் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. வலது பாதம் துவள ஆரம்பித்துவிட்டது. நியூரோ சர்ஜன் தெளிவாகச் சொன்னார் – சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கால் விளங்காமல் போய்விடும்.

நம் வீடுகளில் டாக்டர் சொன்னால் போதுமா? சொந்தக்காரர்கள் சொல்ல வேண்டாமா?

எம்.ஆர்.ஐ. படம் கவரோடு ஊர்வலம் கிளம்பியது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கும் வந்தது. ரயில்வேயில் ரிடையரான சித்தப்பா அதை டியூப் லைட்டுக்கு நேரே தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, ஆபரேஷனே தேவையில்லை என்று தீர்ப்பு சொன்னார். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் துபாயிலிருந்து ஒருவர் தைலம் சிபாரிசு செய்தார். சின்ன அத்தைக்கு ஒரே சந்தேகம்: "மூளை டாக்டருக்கு முதுகுல என்ன வேலை?"

அடக் கடவுளே... மூளையில் கட்டி, தலைக்காயம், ரத்தக்கசிவு – இவை மட்டுமா அவர் வேலை? தண்டுவடமும் நரம்பும் அவர் பார்ப்பதுதானே! தொண்டை வறளச் சொன்னேன். யார் காதில் வாங்கினார்கள்? மறைப்பானேன், நானும் அந்தப் படத்தை இரண்டு பேருக்கு அனுப்பினேன்.

எட்டு நாள் இப்படியே ஓடியது. ஒன்பதாம் நாள் அத்தான் படியில் தடுக்கி விழ, நானும் அக்காவும் அவரை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் படத்தைத் தொடவே இல்லை. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"யூரின் போறது உங்களுக்குத் தெரியுதா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று நாளாகத் தெரியவில்லையாம். வேட்டி நனைந்த பிறகுதான் தெரிகிறதாம். வெட்கத்தில் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை மனிதர்.

சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பும் நசுங்கியிருந்ததால் அன்றே ஆபரேஷன் நடந்தது. கால் தேறிவிடும் என்கிறார் டாக்டர். மற்றது? யூரின் தெரியாமல் போன முதல் நாளே வந்திருக்கலாமே என்றார்; பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டு அக்கா அழுதாள். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் படத்தைத்தான் பாத்தீங்க மாப்ள. எனக்கு என்ன பண்ணுதுன்னு ஒருத்தரும் கேக்கல."

நான் தினமும் போன் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன்... அக்காவுக்கு.