எட்டிப் பார்க்காத கிணறு

அன்புச்செல்விக்குக் கல்லூரியில் பதினோரு வருடச் சர்வீஸ். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "தாராபுரம் பக்கமுங்க" என்பார். அத்தோடு வாயை மூடிக்கொள்வார். ஊர்ப் பெயரைச் சொன்னால் எந்த வீதி என்று கேட்பார்கள். வீதியைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். சோமனூரில் வாடகைக்கு வீடு கிடைத்தது இந்தப் 'பக்கமுங்க'வால்தான். ஆசிரியர் அறையில் மத்தியானம் அவருடைய பொரியல் டப்பாவில் நாலு பேர் கை விழுவதும் அதனால்தான். இதைப் பயம் என்று சொல்ல அவருக்குப் பிடிக்காது. ஆனால் அது பயம்தான். வேறு பெயர் கிடையாது.

அப்பா வேலனும் அம்மா பழனியாத்தாளும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கியவர்கள். மகள் அரசு விடுதியில் தங்கி வரலாறு படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வந்தது. பயம் போகவில்லை.

போன ஜூனில் கல்லூரி முதல்வர் ஒரு உத்தரவு போட்டார். இரண்டு துறைகள் சேர்ந்து ஒரு பாடம் உருவாக்கி, இரண்டு ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நின்று நடத்த வேண்டும். வரலாற்றில் அன்புச்செல்வி, புவியியலில் கிருபாசங்கர். பாடத்தின் பெயர் 'கொங்கு நாட்டு நீர்'. கிருபாசங்கர் தோட்டம் துரவு உள்ள குடும்பத்துக்காரர். நல்ல மனிதர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். விட்டால் தன்னை வருகைப்பதிவு எடுக்கிற ஆளாக்கிவிடுவார் என்று அன்புச்செல்வி கலங்கினார். அதனால் பாடத்திட்டத்தில் ஒரு விதியை எழுதிச் சேர்த்தார்: ஓர் ஆசிரியர் கொடுக்கும் வேலையை, மாணவர்களுக்கு முன்னால் மற்றவர் போர்டில் செய்து காட்ட வேண்டும்.

ஐந்து வாரம் அந்த விதி அருமையாக ஓடியது. பழைய கல்வெட்டு ஒன்றைப் படிக்க முடியாமல் கிருபாசங்கர் திணறினார். பாறைப் படம் வரைந்து அன்புச்செல்வி சொதப்பினார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படித்தார்கள்.

ஆறாவது வாரம் காலையில் கிருபாசங்கரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'இன்றைய வேலை: உங்கள் குடும்பக் கிணறு. படம், வீட்டிலிருந்து தூரம், ஆழம்.'

அன்புச்செல்விக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. உடனே போன் போட்டார்.

"ஏனுங்க சார், கெணத்துக்குப் பதிலா குளம் வெச்சுக்கலாமுங்களா?"

"அட என்னுங்க மேடம், கெணறில்லாத குடும்பம் எங்கீங்க இருக்குது? நம்மூட்டுது தொண்ணூறடிங்க. உங்க தாராபுரம் பக்கம் கெணத்துக்கா பஞ்சம்? சும்மா வாங்க."

எழுதி வைத்த விதி. மாற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம்தான் சொல்ல முடியாதது.

பேருந்தில் வரும்போதே ஒரு கிணற்றைக் கற்பனையில் வெட்டினார். அறுபதடி ஆழம், வீட்டுக்குப் பின்னால், பக்கத்தில் ரெண்டு தென்னை. மனப்பாடம் செய்துகொண்டு வகுப்புக்குள் நுழைந்தார்.

மூன்றாவது பெஞ்சில் எழில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஊரைக் கேட்டபோது "கொடுமுடி பக்கமுங்க மேம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்ட பெண். அந்த நிறுத்தத்தை அன்புச்செல்வி அன்றைக்கே அடையாளம் கண்டுகொண்டார். இப்போது அவள் வெள்ளைத்தாளைப் பார்க்காமல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் என்ன வரைகிறாரோ அதையே தானும் வரையக் காத்திருக்கிறாள். மேடம் பொய் சொன்னால் அவளும் சொல்வாள். அப்புறம் ஆயுசுக்கும் சொல்வாள், மேடம் மாதிரியே.

அன்புச்செல்வி சாக்பீஸை எடுத்தார். போர்டின் ஒரு மூலையில் கிணறு. மறு மூலையில் வீடு. வீட்டிலிருந்து ஒரு கோடு இழுத்தார். கிணற்றுக்கு ஒரு சாண் முன்னால் கோட்டை நிறுத்தினார்.

"மேம், கோடு கெணத்துக்குப் போய்ச் சேரலீங்களே. சாக்பீஸ் தீந்துபோச்சுங்களா?" கடைசி பெஞ்சிலிருந்து அருண்குமார் கேட்டான். வகுப்பே சிரித்தது.

"தீரலீங்க தம்பி. அதுக்கு மேல நாங்க போகக்கூடாது. அந்த இடத்துல கொடத்தை வெச்சுப்போட்டு நிக்கோணும். தோட்டத்துக்காரங்க யாராச்சும் வந்து சேந்தி ஊத்துவாங்க."

சிரிப்பு பாதியில் அறுந்தது. கிருபாசங்கருக்கு மட்டும் இன்னும் உறைக்கவில்லை. தன் தாளில் ஆழம் எழுத விட்டிருந்த கட்டத்தில்தான் அவர் கண் இருந்தது.

"செரிங்க மேடம். ஆழம் எத்தனை அடிங்க?"

"தெரியாதுங்க சார். பதினாறு வருசம் அந்தத் தண்ணியத்தான் குடிச்சனுங்க. ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லீங்க."

எழில் குனிந்தாள். பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அது எங்கே நின்றது என்று பார்க்க அன்புச்செல்விக்குத் தைரியம் வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் கிருபாசங்கர் வராந்தாவில் பின்னாலேயே ஓடிவந்தார். "மேடம், தெரியாமக் கேட்டுப்போட்டனுங்க."

"தெரியாமத்தான் கேட்டீங்க சார். அடுத்த வாரம் வேலை குடுக்கறது என்ற முறைங்க, நீங்க போர்டுக்கு வரோணும். உங்க தொண்ணூறடிக் கெணத்தை வெட்டுன ஆளுங்க பேரை எழுதிக் காட்டோணும்."

கிருபாசங்கர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "அது எங்க அய்யன் பொறக்கறதுக்கு முன்னாலீங்க. ஊட்டுல போய் இதைக் கேட்டா, எதுக்குடா கேக்கறேன்னு சண்டைக்கு வருவாங்க மேடம்."

"கேட்டுப்போட்டு வாங்க சார்."

அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது. அந்த வேர்வை அன்புச்செல்விக்குப் பழக்கமானதுதான். இன்றைக்குத்தான் அதை வேறொருவர் முகத்தில் பார்த்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. சேதி தனக்கு முன்னாலேயே ஆசிரியர் அறைக்குப் போயிருக்கும். அன்புச்செல்வி அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றார். வாடகை வீட்டின் சொந்தக்காரர் காதுக்கு எத்தனை நாளில் போகும் என்று மனசு கணக்குப் போட்டது. பிறகு உள்ளே போய் எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தார். பொரியல் டப்பாவை மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தார்.