மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் மெத்தை

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரிதான். கெட்டியான பொருள். கல்யாணமான புதிதில் நான் தையல் மிஷின் முன்னால் மர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "இதுல உக்காந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே அதற்கு ஒரு குஷன் வந்துவிட்டது. பிறகு சமையலறை முக்காலி, பஸ் ஓட்டுகிற என் அண்ணனின் சீட், பக்கத்து வீட்டு நாய் படுக்கிற பெட்டி என்று மனிதர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சோபா, கார் சீட், மெத்தை எல்லாம் பழுது பார்க்கிற கடை எங்களுடையது. முன்னால் கடை, பின்னால் வீடு. தெருவில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர்.

சின்ன வயதில் சிமெண்ட் தரையில் படுத்து வளர்ந்தவர். அந்தக் குளிர் இன்னும் இடுப்பில் இருக்கிறது என்பார். அதனால்தானோ என்னவோ, யாராவது எதிலாவது சிரமப்பட்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், ஸ்பாஞ்ச் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். வருகிற ஆட்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "மலிவு ஸ்பாஞ்ச் வேண்டாங்க. மெதுவா உக்காந்தா சுகமாத்தான் இருக்கும். தொப்புனு உக்காந்தீங்கன்னா அடியில பலகை தட்டும்." கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

எங்களுக்கு ஒரே பெண். வயது பத்தொன்பது ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளுக்குக் கல்லூரியில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். தடித்த மூக்குக் கண்ணாடி போட்ட பெண், அதனால் பெயரே கண்ணாடி. அவள் கொண்டுவந்ததுதான் அந்தச் சக்கரப் பலகை. நான்கு சக்கரம் வைத்த ஒரு பலகைமேல் நின்றுகொண்டு, தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து அடிவாரம் வரை வளைந்து வளைந்து இறங்குவது. பிரேக் கிடையாது. கார் போகிற வேகம். இதற்கு விளையாட்டு என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்திருந்தால் அதே பலகையால் நாலு வைத்திருப்பேன்.

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. "போகட்டும்மா. ஆனா கவசம் எல்லாம் வாங்கின பிறகுதான் பலகை மேல ஏறணும்," என்றார். பெண்ணுக்கு அப்பாமேல் உயிர். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. மூவரும் ஒரு சனிக்கிழமை அதற்கென்றே இருக்கிற கடைக்குப் போனோம்.

கடையில் இருந்த அக்கா ஆள் கொஞ்சம் கறார். முதலில் முழங்காலுக்கும் முழங்கைக்கும் மாட்டிவிட்டாள். பிறகு கையுறை. வளைவுகளில் வேகத்தைக் குறைக்க ரோட்டில் கையை ஊன்றிச் சறுக்குவார்களாம். அதற்காக உள்ளங்கையில் வட்டமாகத் தடித்த பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. கடைசியில் தாடை வரை மூடுகிற ஹெல்மெட். பாப்பாவின் கண் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

"தலைய ஆட்டு," என்றாள் அக்கா. "ஹெல்மெட் ஆடும்போது நெத்தித் தோலும் கூடவே ஆடணும். அது தனியா ஆடிச்சின்னா அது ஹெல்மெட் இல்ல, பானை."

தனியாக ஆடவில்லை. ஆனால் நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்தியது. கழற்றியதும் சிவப்பாக ஒரு கோடு.

"உனக்கு உருண்டை மண்டைம்மா. இது நீள மண்டைக்காரங்களுக்குச் செஞ்சது. அந்தக் கறுப்பப் போட்டுப் பாரு."

கறுப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. கறுப்பு, மஞ்சள் ஆகுமா? அவருக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மஞ்சளையே எடுத்துக்க கண்ணு. நெத்தியில இடிக்கிறத நான் பாத்துக்கிறேன்."

"உள்ள மட்டும் கை வெச்சிடாதீங்கண்ணே," என்றாள் அக்கா.

"என் தொழிலே அதுதானே," என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்து என்ன பிரயோஜனம்?

மறுநாள் காலையிலேயே வேலையில் இறங்கிவிட்டார். மேலே இருந்த மெல்லிய துணியைப் பிரித்தார். அதற்குக் கீழே தெர்மாகோல் மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி, விரல் தடிமனுக்கு. தட்டிப் பார்த்தார். கெட்டி. அவருக்கு முகம் கோணியது. "பாரு, தலை படுற இடத்துல போய் இவ்ளோ கெட்டியா வெச்சிருக்கான். ஆள் உக்கார்ற சீட்டுக்கே நான் இப்படி வெக்க மாட்டேன்." ஸ்பாஞ்ச் வெட்டுகிற கத்தியால் அதைத் துண்டு துண்டாகப் பெயர்த்துக் கழிவுச் சாக்கில் போட்டார். அந்த இடத்தில் கடையில் இருந்ததிலேயே உசத்தியான ஸ்பாஞ்சை மூன்று அடுக்காக ஒட்டி, மேலே வெல்வெட் துணி வைத்துத் தைத்தார். ஓரத்துக்குக் கயிறு வைத்துத் தைக்கிற பைப்பிங் வேறு.

பாப்பா போட்டுப் பார்த்தாள். "அப்பா, தலையணை மாதிரி இருக்குப்பா," என்றாள். நானும் கையை விட்டுப் பார்த்தேன், அவ்வளவு மெத்தென்று இருந்தது. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். அவள் தலையைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருள் பழைய ரெக்சின் துணிகளோடு சாக்கில் கிடந்தது. அந்தச் சாக்கை மூலையில் தள்ளிவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் கிளம்பும்போது நான் தெருமுனை வரை போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருக்கு மட்டும் ஒரு தைரியம். "நான் தெச்சதுக்குள்ளதானே தலை இருக்கு, நீ ஏன் பயப்படுற?" என்பார். அந்த ஞாயிறும் அதைத்தான் சொன்னார். ஒரு பழைய நாற்காலியின் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கண்ணாடியிடமிருந்து போன் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க ஆன்ட்டி," என்றாள்.

கடைசி வளைவில் பலகை நழுவியிருக்கிறது. கையுறை தேய்ந்திருந்தது, உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. முழங்கால் கவசம் கிழிந்திருந்தது, முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. தலை மட்டும் ரோட்டோரச் சிமெண்ட் கட்டையில் போய் இடித்திருக்கிறது. மஞ்சள் ஓட்டில் மயிரிழை விரிசல். உள்ளே அவளுக்கு வலது காதோர எலும்பு நொறுங்கியிருந்தது.

அவள் கண் விழிக்கிற வரையில் நாங்கள் ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கிடந்தோம். "ஹெல்மெட் மட்டும் இல்லன்னா இப்ப நாம வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்போம்," என்றார் டாக்டர். அதை அப்படியே பிடித்துக்கொண்டாள் கண்ணாடி. "அங்கிள் தெச்ச மெத்தைதான் ஆன்ட்டி காப்பாத்துச்சு," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அடக்கமாக்கும் என்று நினைத்தேன்.

பாப்பா விழித்ததும் முதலில் தேடியது அவர் கையைத்தான். கண்ணாடி அவளிடமும் அதையே சொல்ல, அவள் அவரைப் பார்த்தாள். "நீதான்ப்பா என்னக் காப்பாத்தின," என்றாள். அவர் அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். உயிர் பிழைத்தாள். வலது காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த வாரம் நான் அந்த உடைந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கடைக்கார அக்காவிடம் போனேன். காப்பாற்றிய பொருளைக் காட்டி நல்ல வார்த்தை சொல்லலாம் என்றுதான் போனேன். அவள் உள்ளே கையை விட்டாள். அழுத்தினாள். அவள் முகம் மாறியது.

"உள்ள ஒரு வெள்ளைக் கட்டி இருந்துச்சே, எங்க?"

"நெத்தியில இடிச்சுதுன்னு எடுத்துட்டாரு."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அதுதான்க்கா ஹெல்மெட். அது நசுங்கி அடிய வாங்கிக்கும். ஸ்பாஞ்ச் வாங்காது, அப்படியே அமுங்கிடும். அப்புறம் ஹெல்மெட் ஓடும் மண்டையும்தான் மோதும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "வேற யாருக்காவது இந்த மாதிரி பண்ணிக் குடுத்திருக்காரா?"

"இல்ல."

"பண்ண வேண்டாம்னு சொல்லுங்க. தயவு பண்ணி."

வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது பட்டறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பட்டறைப் பலகைமேல் அந்த வெள்ளைக் கட்டியின் ஒரு துண்டை வைத்திருந்தார். சுத்தியலை ஓங்கி விட்டார். கட்டி நசுங்கி, நசுங்கினபடியே நின்றது. அதன் பக்கத்தில் உசத்தி ஸ்பாஞ்சை வைத்து அதே மாதிரி ஓங்கினார். டக்கென்று பலகை சத்தம் போட்டது.

"என்னங்க," என்றேன்.

"தெரியும்," என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அடியில தட்டும், அடியில தட்டும்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்."

திட்டுவதற்கு என்று வந்தவள், ஹெல்மெட்டைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். ஆனால் அன்றிலிருந்து விடவில்லை. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று தினமும் கேட்டேன். "நானே சொல்றேன். கொஞ்சம் தேறட்டும்," என்பார். எனக்குப் புரியாமல் இல்லை. அவளுக்கு அவர் தெய்வம். நீதான் காப்பாற்றினாய் என்று பெற்ற பெண்ணே சொன்ன வார்த்தையை இழக்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம், பரிதாபம், இரண்டும் ஒரே அளவில் இருந்தது.

இதற்கிடையில் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சக்கரப் பலகை ஆட்கள் ஒவ்வொருவராக ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றார்கள். "எங்களுக்கும் அதே மாதிரி பண்ணிக் குடுங்க." ஒவ்வொருவரையும், "வேலை தலைக்கு மேல கிடக்கு," என்று சொல்லித் திருப்பினார். பாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏன்ப்பா இப்படிப் பண்ற? கண்ணாடிக்காவது பண்ணிக் குடேன். அவ தலை தலையில்லையா?" என்று சண்டை பிடித்தாள். அவர் கத்தரிக்கோலைத் தேடுவார். கத்தரிக்கோல் கையிலேயே இருக்கும்.

முடியாது என்று சொன்னால் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன ஞாயிறு மத்தியானம். பாப்பா கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய நாற்காலியின் ஆணிப் பின்களைக் குறடு கொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது பொழுது போவது அப்படித்தான். கண்ணாடி வந்தாள், தலையில் ஹெல்மெட் போட்டபடியே.

"அங்கிள், நீங்கதான் மாட்டேன்னுட்டீங்க. எதிர்க்கடைல சீட் தைக்கிற அண்ணன் பண்ணிக் குடுத்துட்டாரு பாருங்க. உள்ள இருந்ததெல்லாம் எடுத்துட்டு, அச்சு அசலா உங்களது மாதிரியே. இன்னும் ரெண்டு பேருக்குப் பண்ணிட்டு இருக்காரு. சாயங்காலம் எல்லாரும் மேட்டுல இருந்து இறங்குறோம்."

அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் எழுந்து வாசலுக்குப் போய்க் கண்ணாடியின் முன்னால் நின்று, குரலே எழும்பாமல் சொன்னார்.

"அதக் கழட்டிடும்மா. அது காப்பாத்தாது. பாப்பாவையும் அது காப்பாத்தல. நான் பண்ணினதாலதான் அவ எலும்பு உடைஞ்சது."

கண்ணாடி மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினாள். வாசற்படி பாப்பாவுக்கு வலது பக்கம். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. எங்கள் முகத்தைத்தான் மாறி மாறிப் பார்த்தாள். "என்னப்பா? இந்தப் பக்கம் வந்து சொல்லு," என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவள் சொல்கிறது இதுதான்.

ஒரு தடவை சொல்வதற்கே அந்த மனிதர் பாதி செத்திருந்தார். சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். முட்டி போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். கத்தியால் பெயர்த்தது, சாக்கில் போட்டது, சுத்தியலால் அடித்துப் பார்த்தது.

"அந்தக் கட்டி இருந்திருந்தா எனக்குக் காது கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்னுதான் நெனைக்கிறேன் பாப்பா."

அவள் அழவில்லை. நாற்காலியிலிருந்து இன்னொரு பின்னைப் பிடுங்கிவிட்டுக் கேட்டாள். "எப்போ தெரியும் உனக்கு?"

"நீ கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடியே."

"நான் உன் கையப் புடிச்சு சொன்னேனே, அப்பவே தெரியுமா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். அவள் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது. காது போனதைச் சொன்னபோதுகூட அது போகவில்லை.

"ஆன்ட்டி, அந்த ரெண்டு ஹெல்மெட்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி எதிர்க்கடைக்கு ஓடினாள். பாப்பா குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலோடு அரைச் சுற்றுத் திரும்பினாள். அவளுடைய கேளாத வலது காது இப்போது அவர் பக்கம். அவர் அதைக் கவனிக்கவில்லை. முட்டி போட்டபடியே, தப்பு என்னுதுதான், பயந்துட்டேன், உன்ன இழந்துடுவேன்னு பயந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனார். எழுந்து அந்தப் பக்கம் போங்க என்ற வார்த்தை எனக்கு வாய் வரை வந்தது. அவள் வேண்டுமென்றேதான் திரும்பியிருந்தாள் என்பதால் சொல்லவில்லை. அவர் கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்துவிட்டு, அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.