மழைக்கு லீவு விடாத வேலை

அலோர் ஸ்டாருக்கு வந்த புதிதில் காலை மணி எட்டு அடிக்கும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். பன்னிரண்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய எனக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. என்னைக் கவிழ்க்கப் பார்த்தது மழைதான். சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

துறையூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சுங்கைப் பட்டாணியை ஒட்டிய தோட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்தே கிராணி வேலைமேல் ஒரு கண். நாற்காலியில் உட்கார்ந்து எழுதலாம், சம்பளமும் கூட. போய்க் கேட்டால், "எது வரைக்கும் பாஸு?" என்ற ஒரே கேள்வியில் வாசலுக்கு வந்துவிடுவேன். பிறகு சண்டை வந்தது, துரை ஓடினார், ரப்பர் வாங்க நாதியில்லை. மதராஸில் பி.ஏ. வாங்கிய பெரிய கிராணியும் நானும் அடுத்தடுத்த பாத்தியில் மரவள்ளி நட்டோம். அவருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை, பாவம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். நல்ல சம்பளம், அரிசிச் சோறு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார் கங்காணி. எவனும் படிப்பைக் கேட்கவில்லை. துள்ளிக் குதித்துப் பேர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அஞ்சலை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மரவள்ளி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்புட்டு நல்ல சம்பளம்னா கங்காணி ஏன் அவரு மவன அனுப்பல?"

நானும் ஒரு கிழங்கை எடுத்து உரிக்க உட்கார்ந்தேன். அவள் விடவில்லை.

"போயி பேர அடிச்சிட்டு வாங்க. இல்லன்னா நானும் லாரியில ஏறிருவேன்."

கங்காணி பேரை அடிக்க மறுத்தார். ஜப்பான்காரனிடமே வேறு வேலையில் இருப்பதாக முத்திரை போட்ட கடுதாசி கொண்டுவா, அதுவும் லாரி வருவதற்குள் என்றார். அந்தக் கடுதாசிக்காகத்தான் அஞ்சலையோடு இந்தப் பட்டணத்துக்கு வந்தேன்.

வேலை கிடைத்தது ஓர் அரிசிக் கிடங்கில். அங்கே குத்தூசியை மூட்டைக்குள் செருகி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தரம் பார்க்க ஆள் வேண்டும். சாக்குக்குப் பஞ்சம், ஜனங்கள் அதையே தைத்து உடுத்திக்கொண்டிருந்த காலம். எனக்கு முன் வந்தவர்கள் குத்திய குத்தில் சாக்கு கிழிந்தது. நானோ கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகியவன். இழைக்கு நடுவில் ஊசியை விட்டு எடுத்தேன், சாக்கில் தடமே தெரியவில்லை. கிடங்கு மேஸ்திரி, மண்டோர் பாக் சாலே சிரித்துத் தலையாட்டினார். வயல்காரக் குடும்பத்து மலாய்க்காரர். "பத்து நாள் வேலை பாரு. பொறவு துவான் சாப் அடிப்பான்" என்றார் கடைத்தெருத் தமிழில். துவான் என்றால் ஜப்பான் அதிகாரி, சாப் என்றால் முத்திரை. கூலியில் அரிசியும் உண்டு. முதல் நாள் அஞ்சலை சோறு வடித்தபோது, இருவரும் கஞ்சியைக்கூடக் கீழே கொட்டவில்லை.

பத்தாம் நாள் விடியலில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் காலை மழை என்றால் பட்டை நனைந்து பால் கோப்பைக்குள் இறங்காது. அன்றைக்குப் பெரட்டு கிடையாது, ஆள் கணக்கு எடுக்கவே மாட்டார்கள். கூரையில் சத்தம் கேட்டதும் நான் சுகமாகப் புரண்டு படுத்தேன். அஞ்சலையும் எழுப்பவில்லை. அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தானே.

வாசலில் சைக்கிள் மணி. பாக் சாலே தொப்பலாக நின்றார்.

"ஏன் வரல்லே? சாக்கிட்டா?"

"நோவெல்லாம் இல்ல பாக். மழ, ஹுஜான்."

"ஹுஜான் தெரியுது லா. கெர்ஜாக்கு ஏன் வரல்லே?"

"ஹுஜான்ல ஏது பாக் வேல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வயல்ல ஹுஜான் வந்தாதான் கெர்ஜா. ஒங்க மரம் ரொம்பச் செல்லம் லா. ஏறு, துவான் ஒன்னக் கேட்டான். கூரை ஒழுகுது பாக்க அனுப்பிட்டேன்னு சொன்னேன்."

பின்வாசல் வழியாக என்னை உள்ளே தள்ளினார். சொட்டச் சொட்ட ஜப்பான் அதிகாரி முன் போய்க் குனிந்தேன். அவன் என் ஈரத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மெச்சுவதுபோல ஏதோ சொன்னான். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. அன்று மாலையே என் கடுதாசியில் சிவப்பு முத்திரை விழுந்தது. மறுநாள் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் கங்காணி என் பேரை அடித்தார். அந்த வாரமே லாரி வந்தது. பெரிய கிராணியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்று மாதம் எப்போதோ கழிந்தது, போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

இப்போது என் மகள் தவழ்கிறாள். பாக் சாலே அவளை "ஆனாக் ஹுஜான்", மழைப் பிள்ளை, என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் விடியலில் மழை பெய்தால் எனக்கு ஒரு கால் செருப்பைத் தேடும், ஒரு கால் போர்வைக்குள்ளேயே கிடக்கும். தோட்டத்து லயத்தில் இன்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று ஒரு நொடி நினைத்துவிடுவேன். அங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வரும். அஞ்சலை குடையை விரித்துப் பிடித்தபடி வாசலில் நிற்பாள். அவளும் உடனே கூப்பிடுவதில்லை.