இருபத்திமூன்றாவது மூவுக்கு நான் கேட்ட காரணம்

1. புகார்

செஸ் ஆர்பிட்டர் பரீட்சை எழுதிவிட்டுப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். விதிப்புத்தகத்தை நீங்கள் என்னைவிட நன்றாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதில் இல்லாத ஒன்றில்தான் நான் சறுக்கினேன்.

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு தேர்வுப் போட்டி. அவினாசி ரோட்டில் ஒரு கல்லூரியின் டைனிங் ஹாலில் நடந்தது. ஆறு ரவுண்டு, அறுபது பேர். முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். நான்தான் சீஃப் ஆர்பிட்டர், தலைமை நடுவர்.

இரண்டாம் நாள் காலை, ஐந்தாவது ரவுண்டு. இரண்டாவது போர்டில் ஆடிக்கொண்டிருந்த மோகன்ராஜ், சாந்தாமணி என்ற பெண்ணிடம் தோற்றுவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். பம்ப் கம்பெனி வைத்திருப்பவர், ஐம்பது வயது, இருபது வருடமாக இந்தப் பக்கத்துப் போட்டிகளில் முதல் பத்துக்குள் நிற்பவர். எங்கள் ஊரில் ஒருவர் மேல் பழி போடுவதென்றாலும் மரியாதையாகத்தான் போடுவார்கள்.

"ஏனுங்க மேடம், குத்தம் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. அந்தம்மா ஒவ்வொரு மூவுக்கும் வெளிய போயி யாருகிட்டயோ பேசிட்டு வாராங்க. நீங்களே பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தேன். அதுதான் விஷயம். அவர் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே என் மனதில் அந்தச் சந்தேகம் உட்கார்ந்துவிட்டது.

2. என் குணம்

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் காலேஜில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஆர்பிட்டர் வேலை பதினெட்டு வருடம். டாய்லெட் ஃப்ளஷ் டேங்குக்குள் பாலிதீன் கவரில் சுற்றிய செல்போனை எடுத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே நின்று மூக்கைத் தடவினால் குதிரை, காதைத் தடவினால் பிஷப் என்று மகளுக்குச் சைகை காட்டிய ஒரு தகப்பனாரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெரியவரின் காது கேட்கும் மிஷினைக் கழற்றச் சொல்லி அவர் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அதற்குப் பிறகாவது திருந்தினேனா? இல்லை. யாராவது இரண்டு தடவை தும்மினால் மூன்றாவது தும்மலை நான் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

சாந்தாமணி விஷயத்தில் எண்ணுவதற்கு நிறைய இருந்தது. வெள்ளகோவில்காரர், நாற்பத்தொரு வயது. ஒரு பவர்லூம் பட்டறையில் நெய்து வரும் துணியை மடிப்பு மடிப்பாகப் பிரித்து இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு அவர் பெயரை ஒருத்தருக்கும் தெரியாது. கோச் கிடையாது, கிளப் கிடையாது. இப்போது நான்கு ரவுண்டில் மூன்று பாயின்ட். எங்கிருந்து வந்தது இந்த ஆட்டம்?

எதிராளி யோசிக்கும் நேரத்தில் அவர் எழுந்து பின்பக்கக் காரிடாருக்குப் போவார். தண்ணீர் கேன் வைத்திருக்கும் இடம். அதில் தப்பில்லை, விதி அனுமதிக்கிறது. நான்காவது தடவை போனபோது நான் பின்னாலேயே போய், அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் சேர்களுக்குப் பின்னால் நின்றேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வாய்க்குள் பேசிக்கொண்டிருந்தார். "அவரு அந்த யானையை எதுக்குங்க அங்க கொண்டாந்தாரு..." என்பது மட்டும் காதில் விழுந்தது. என் நிழலைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தி டம்ளரில் தண்ணீர் பிடித்தார்.

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அவர் போன் என் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அப்படியானால் அந்த 'எதுக்குங்க' யாரிடம்? சுவரை யாராவது 'ங்க' போட்டு அழைப்பார்களா?

3. விசாரணை

மோகன்ராஜ் புகாரை எழுத்தில் கொடுத்தார். பதினாறாவது மூவில் சாந்தாமணி தன் ராஜாவை ஒரு கட்டம் ஓரமாக ஒதுக்கியதைக் குறிப்பிட்டு, மனிதர்கள் யாரும் ஆடாத மூவ் அது, கம்ப்யூட்டர்தான் ஆடும் என்று எழுதியிருந்தார். பட்டாணி அளவில் காதுக்குள் வைக்கும் மிஷின் இப்போது கிடைக்கிறது என்றும் வாயால் சொன்னார்.

பெண் உதவியாளரை வைத்துச் சோதனை செய்தோம். காதில் ஒன்றும் இல்லை, கம்மல்தான். மெட்டல் டிடெக்டர் தாலிக்கொடிக்கும் சேலைப் பின்னுக்கும் மட்டும் கத்தியது. சாந்தாமணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கேட்ட இடத்தில் கையைத் தூக்கினார், திரும்பச் சொன்னால் திரும்பினார். அந்தப் பணிவுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. நிரபராதி என்றால் கோபம் வரவேண்டாமா என்று நினைத்தேன்.

பொருள் எதுவும் சிக்காவிட்டால் ஆர்பிட்டரிடம் ஒரே ஒரு வழி பாக்கி இருக்கிறது. ஆடிய ஆட்டத்தைப் போர்டில் திரும்ப வைத்து, ஒவ்வொரு மூவுக்கும் காரணம் சொல்லச் சொல்வது. கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடியவருக்கு மூவ் தெரியும், காரணம் தெரியாது. பத்து மூவுக்குள் திணறிவிடுவார்கள்.

என் மேஜை ஹாலின் ஒரு மூலையில் இருந்தது. பக்கத்தில் ஸ்டோர் ரூம் காலியாகத்தான் இருந்தது. அங்கே போகலாம் என்று நான் சாவியை எடுத்தேன். மோகன்ராஜ் குறுக்கே வந்தார்.

"ரூமுக்குள்ள கேட்டீங்கன்னா வெளிய நாலு விதமா பேசுவாங்க மேடம். எல்லார்த்து முன்னாலயும் கேட்டுப்போடுங்க. அவங்க பேருக்குத்தானுங்க நல்லது."

நியாயமாகப் பட்டது. சாந்தாமணியும் தலையாட்டினார். சாவியை மேஜையில் வைத்துவிட்டேன்.

போர்டை அடுக்கினோம். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். நான் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து ஒவ்வொரு மூவாக நிறுத்திக் கேட்டேன். ஆரம்பத்தில் குரல் எழும்பவில்லை. ஆறேழு மூவ் போன பிறகு அந்தம்மா நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார். இந்தக் குதிரை ஏன் வந்தது, வேறு எங்கே போயிருக்கலாம், அங்கே போனால் என்ன கெடும், எதிராளி என்ன நினைத்திருப்பார், எல்லாம் வரிசையாக வந்தது. பதினாறாவது மூவுக்கு வந்தோம்.

எதிரியின் பிஷப் மூலைவாக்கில் தன் ராஜாவைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், நடுவில் ஒரு சிப்பாய் மட்டுமே தடுத்து நின்றதாகவும் சொன்னார். அந்தச் சிப்பாயை முன்னே தள்ள வேண்டும், ஆனால் அது விலகினால் ராஜாவுக்கு செக், அதனால் தள்ளவே முடியாது. அதற்காக முதலில் ராஜாவை ஒதுக்கி, அடுத்த மூவில் சிப்பாயைத் தள்ளியிருக்கிறார். எளிமையான விஷயம். இருபது வருடம் ஆடியவருக்கு இது ஏன் கம்ப்யூட்டர் மூவாகத் தெரிந்தது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இப்படிப் பேச எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். காரமடையில் இருக்கும் நாத்தனாரோடு போனில் ஆடிக் கற்றுக்கொண்டாராம். இரண்டு பேர் வீட்டிலும் ஆளுக்கொரு போர்டு. மூவைச் சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்று சொல்ல வேண்டும். நாத்தனாருக்கு அந்தக் காரணம் ஒப்பவில்லை என்றால் மூவ் செல்லாது, காயைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

"சும்மா தோணுச்சுன்னு சொன்னா உடவே மாட்டாங்க. அவங்க எதையும் லேசுல நம்பமாட்டாங்க மேடம். போட்டியில அவங்க இல்லீங்களா, அதான் வெளிய போயி அவங்ககிட்டச் சொல்ற மாதிரி சொல்லிப் பாத்துக்குவேனுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒத்திகை பார்த்துவிட்டு வந்த கதையாகவும் இருக்கலாமே! இருபத்திமூன்றாவது மூவில் நிறுத்தினேன். அங்கே ராணிக்கு ராணி மாற்றியிருந்தால் சுலபமாக ஜெயித்திருப்பார். என் லேப்டாப்பும் அதைத்தான் காட்டியது. ஆனால் அவர் ராணியைப் பின்னால் இழுத்திருந்தார். ஏன்?

முதன்முறையாகத் தயங்கினார். ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. காரணம் சொல்லியே ஆகவேண்டும் என்றேன்.

"எனக்கு ராணி போயிட்டா ஆடத் தெரியாதுங்க மேடம். யானையும் ராஜாவும் மட்டும் மிச்சம் இருந்தா கையெல்லாம் நடுங்கும். என் நாத்தனாகிட்டயும் அங்கதான் தோப்பேன். அதனால மாத்தமாட்டேனுங்க."

எனக்கு அந்த நிமிடமே தெளிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு நடுக்கம் கிடையாது. கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடுகிறவர் தப்பான மூவுக்குத் தப்பான காரணம் வைத்திருக்க மாட்டார். புகாரைத் தள்ளுபடி செய்கிறேன் என்று சத்தமாக அறிவித்தேன். சிலர் கைதட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. பெரிய விசாரணையை முடித்துவிட்ட நினைப்பு.

போகும்போது சாந்தாமணியிடம் ஒன்று சொன்னேன். இனி காரிடாரில் போய்ப் பேச வேண்டாம், மறுபடி யாராவது புகார் கொடுப்பார்கள் என்றேன். சரிங்க மேடம் என்றார்.

4. கடைசி ரவுண்டு

மத்தியானம் ஆறாவது ரவுண்டு. நான்கு பாயின்டோடு இருந்த சாந்தாமணிக்கு டிரா எடுத்தாலே போதும், நால்வரில் ஒருவர். மாநிலப் போட்டிக்காகப் பட்டறையில் முன்கூட்டியே லீவுகூடச் சொல்லி வைத்திருந்தாராம். எதிராளி தினேஷ் என்று ஒருவர், முப்பது வயது இருக்கும், ஐ.டி. கம்பெனியில் வேலை. ஆட்டத்தில் காய்களைப் பலி கொடுத்து ராணியால் மிரட்டிக்கொண்டே வருவார். ராணி இல்லாமல் அவர் ஆடி நான் பார்த்ததில்லை. மோகன்ராஜின் கிளப்தான் அவருக்கும். விசாரணை நடந்தபோது டீ டம்ளரோடு முதல் வரிசையில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

ஒன்பதாவது மூவில் இரண்டு ராணியும் போர்டை விட்டு இறங்கிவிட்டன. தினேஷ் அதற்காக ஒரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்திருந்தார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் காலையில் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது.

சாந்தாமணி நிமிர்ந்து ஒருமுறை தினேஷைப் பார்த்தார். பிறகு காரிடார் பக்கம் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. நான் சொன்னதை மீறக்கூடாது என்று, வாய் தன்னையறியாமல் அசைந்துவிடுமோ என்று, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. ஆட்டம் நடக்கும்போது ஆர்பிட்டர் அப்படிப் பேசக்கூடாது. விதி அது. கேட்டுக்கொண்டிருந்த ஊரார் முன்னால் ஒருத்தியின் பயத்தைப் பிடுங்கி வெளியே போட்டபோது மட்டும் எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை.

ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தும் நாற்பத்தாறு மூவில் தோற்றார். காயைத் தொடும்போது விரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது.

மோகன்ராஜும் தினேஷும் பேசி வைத்துச் செய்தார்களா? தெரியாது. எல்லார் முன்னாலும் கேளுங்கள் என்று அவர் சொன்னது யோசனையா, சூழ்ச்சியா, அதுவும் தெரியாது. நாள் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியதைக்கூட நான் பார்க்கவில்லை. ஏனென்றால் பார்க்க வேண்டியவள் சாந்தாமணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட அவர் என் மேஜைக்கு வந்தார். என்னை மன்னிச்சுக்குங்க அம்மணி என்றேன். வேறு என்ன சொல்வது?

"நீங்க கேட்டீங்க, நான் நெசத்தச் சொன்னேன். உங்க மேல தப்பில்லீங்க." பேனாவை மூடினார். "எனக்கு அங்க பயம்னு என் ஊட்டுக்காரருக்கே தெரியாதுங்க மேடம். இன்னைக்கு அறுபது பேருக்குத் தெரிஞ்சுபோச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5. பிள்ளைகளுக்கு

சந்தேகப்படுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதுதான் நம் வேலை. காரணமும் கேளுங்கள். ஆனால் ஒரு ஆட்டக்காரர் தன் மூவுக்கு உண்மையான காரணம் சொல்கிறார் என்றால், அடுத்த முறை தன்னைத் தோற்கடிக்கும் வழியையும் சேர்த்தே சொல்கிறார். ஆகவே கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். கேட்டது அந்த அறையோடு இருக்கட்டும். புகார் கொடுத்தவர் வெளியே நிற்கட்டும், அவர் எத்தனை 'ங்க' போட்டாலும் சரி. இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். நான் திருந்த அந்தம்மா தோற்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் தேர்வானவர்கள் லிஸ்ட்டை ஒட்டினோம். நாலாவது பெயர் தினேஷ். அரை பாயின்ட் வித்தியாசத்தில் சாந்தாமணி ஐந்தாவது. லிஸ்ட்டோடு அனுப்ப வேண்டிய சீஃப் ஆர்பிட்டர் ரிப்போர்ட்டில் 'புகார்கள் ஏதேனும்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு புகார் வந்தது, முறையாக விசாரித்துத் தீர்க்கப்பட்டது, ஆட்டக்காரருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.