கூண்டுக்குள் போக மறுத்த மாப்பிள்ளை

பந்தயக் குதிரைப் பயிற்சியாளன் வேலை என்பது, பேசத் தெரியாத ஒரு பிராணிக்காகப் பேசத் தெரிந்த அத்தனை பேருக்கும் பதில் சொல்வது. விடியுமுன் எழுந்து, இன்னொருவர் பெயரில் ஓடப்போகும் ஒன்றுக்காக வியர்வை சிந்துபவர் நீங்கள் என்றால், எந்தத் தொழிலில் இருந்தாலும் நமக்குள் சொந்தம்தான். பள்ளிக்கூட ஆசிரியர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

பினாங்கில் முப்பது வருடம் குதிரை பழக்கியிருக்கிறேன். கோப்பைகள் வரவேற்பறையில் இடமில்லாமல் சமையலறை வரை வந்துவிட்டன. ஒன்றில் என் மனைவி கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறாள். வெற்றியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் வெற்றிப் பட்டியலில் என் பெயர் முதலிடத்தில் இருந்த ஒரு வருடத்தில், ஒரே ஒரு குதிரை என்னைப் படுத்திய பாடு எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

முடிவெட்டும் கடையில்

அந்த வருடத் தொடக்கத்தில் தொடர்ந்து நான்கு சனிக்கிழமைகள் என் குதிரைகள் ஜெயித்தன. ஊரில் முகம் தெரியாதவர்கள்கூட வணக்கம் சொன்னார்கள். எனக்கு வழக்கமாக முடிவெட்டும் மணியம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலின் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. “என்ன மணியம், போன வாரம் நான் சொன்ன குதிரைதானே ஜெயித்தது?” என்றேன்.

அவர் என் தலையைக் கொஞ்சம் அழுத்தியே குனிய வைத்தார். “சொன்னீங்க அண்ணே. ஆனா பயிற்சியாளர் சொல்றத நம்பிப் பணம் கட்டாதேன்னு அதுக்கு முந்தின மாசம் நீங்கதானே சொன்னீங்க?”

மீன்கடை முதலாளியம்மா

ராணி அக்கா ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் விற்பவர். ஒரு நாள் வியாபாரம் முடிந்த கையோடு, ரப்பர் காலணி கூடக் கழற்றாமல், என் லாயத்துக்கு வந்தார். தான் ஒரு குதிரை வாங்கிவிட்டதாகவும், அதை நான்தான் பழக்க வேண்டும் என்றும் சொன்னார். எந்தக் குதிரை என்று கேட்டேன். அவர் சொன்ன குதிரையை எனக்கு நன்றாகவே தெரியும். நல்ல வேகமுள்ள குதிரைதான். ஆனால் புறப்படும் கூண்டுக்குள் நுழையாது. பந்தயம் தொடங்குமுன் ஒவ்வொரு குதிரையும் இரும்புக் கூண்டில் ஆளுக்கொரு அறையில் நிற்க வேண்டும். நிற்குமா என்று அதிகாரிகள் முன்கூட்டியே தேர்வு வைப்பார்கள். இந்தக் குதிரை ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தது. மூன்று முறை தோற்றால் ஆயுளுக்கும் தடை. தடை விழுந்த குதிரைக்குத் தீனி போட யாரும் முன்வருவதில்லை. அதன் பிறகு அது எங்கே போகிறது என்பதை நாங்கள் சத்தமாகப் பேசிக்கொள்வதுமில்லை.

இதையெல்லாம் விளக்கினேன். அக்கா காது கொடுத்துக் கேட்டார். சூதாட்டம் பிடிக்காத நீங்கள் எதற்காகக் குதிரை வாங்கினீர்கள் என்றும் கேட்டுவிட்டேன்.

“இருவது வருசமா எங்க வீட்டுக்காரரு குதிரைங்க பின்னாடி ஓடினாரு லா. இனிமே ஒரு குதிரை எனக்காக ஓடட்டும்.”

பெயர் வந்த கதை

காகிதத்தில் அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்கள் லாயத்தில் அந்தப் பெயரை யாரும் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. லாயத்துக்குப் பின்னால் பழைய பயிற்சிக் கூண்டு ஒன்று உண்டு. முதல் நாள் காலை, குதிரையைக் கவனித்துக்கொள்ளும் சைஸ் சுப்ரா அதைக் கூண்டின் வாசல் வரை கூட்டிப் போனான். வாசலில் நின்றது. தலையை உயர்த்தி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. அவ்வளவுதான்.

கண்ணைத் துணியால் கட்டிப் பார்த்தோம். கேரட் காட்டினோம். நான்கு பேர் கைகோத்துப் பின்னாலிருந்து தள்ளினோம். வேறொரு குதிரையை முன்னால் நடத்திக் காட்டினோம். எனக்குத் தெரிந்த வித்தைகள் மூன்று வாரத்தில் தீர்ந்துபோயின. அது உதைக்கவில்லை, கடிக்கவில்லை, முரண்டு பிடித்து எகிறவில்லை. மரியாதையாக நின்றது. கடைசியில் சுப்ரா தலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான்.

“பாஸ், மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்காம உள்ள வர மாட்டாரு போல.”

இரண்டாவது தேர்வு

இங்கே ஒரு தவறு செய்தேன். முதலிடத்தில் இருக்கும் பயிற்சியாளன் செய்யும் தவறு. தேர்வு நாளில் எப்படியும் உள்ளே போய்விடும் என்று நம்பி, இரண்டாவது தேர்வுக்கு நாள் குறித்ததோடு, ராணி அக்காவையும் நேரில் வந்து பார்க்கச் சொன்னேன். அவர் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பட்டுச் சேலையில் வந்திருந்தார். தேர்வுக்கு வந்த ஐந்து குதிரைகளில் நான்கு உள்ளே போயின. மாப்பிள்ளை வாசலில் நின்றது. கூண்டு ஊழியர்கள் தள்ளினார்கள், இழுத்தார்கள், மலாயிலும் தமிழிலும் ஹொக்கியன் சீனத்திலும் கெஞ்சினார்கள். கெடு முடிந்தது.

அக்கா கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கூண்டுக்குப் பொறுப்பான அதிகாரி என்சிக் ரஹ்மான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பல வருடப் பழக்கம். மலாயில் மெதுவாகத்தான் சொன்னார்.

“இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுக்கப்புறம் இதை வெச்சுப் புல்லு மட்டும்தான் வெட்டலாம்.”

வலப்பக்கம்

உலகத்தில் எந்தக் குதிரைக்காரனும் குதிரையின் இடப்பக்கமாகத்தான் போவான். சேணம் போடுவது, ஏறுவது, இறங்குவது, கயிறு பிடித்து நடத்துவது எல்லாம் இடப்பக்கம். பழைய காலத்துச் சிப்பாய்கள் இடது இடுப்பில் வாள் கட்டியதால் வந்த பழக்கம் என்பார்கள். காரணம் எதுவானாலும், நாங்கள் யோசிப்பதில்லை. செருப்பை எந்தக் காலில் முதலில் போடுகிறோம் என்று யோசிப்போமா?

தேர்வு முடிந்த மறு வாரம் ராணி அக்கா லாயத்துக்கு வந்தார். குதிரையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். நாங்கள் பயிற்சிக் கூண்டின் அருகே நின்றிருந்தோம். இடப்பக்கம் சுப்ரா, அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் லாடம் அடிப்பவர். அக்காவுக்கு அந்தப் பக்கம் நிற்க இடமில்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார். தடுக்கக் கையைத் தூக்கினேன். அதற்குள் அக்கா தலைக்கயிற்றைப் பிடித்துவிட்டார். “வாடா ராசா” என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் நடந்தார். குதிரையும் கூடவே நடந்தது. உள்ளே போய், அந்தப் பக்கம் வெளியே வந்தது. லாடக்காரர் கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது.

கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். கண்கள் நன்றாக இருந்தன. இடது விலாவில், ரோமத்துக்கு அடியில், விரல் நீளத்துக்கு ஆறிய தழும்பு. குட்டியாக இருந்தபோது எங்கோ ஒரு கம்பியில் மோதியிருக்க வேண்டும் என்றார். இடப்பக்கம் ஆள் நின்றால், இரும்புக்கும் ஆளுக்கும் நடுவே நசுங்குவோம் என்று அது பயந்திருக்கிறது. முதல் நாளே அந்தத் தழும்பை என் விரல் தொட்டது. ‘பழைய காயம், பரவாயில்லை’ என்று நோட்டில் நானே எழுதியும் வைத்திருக்கிறேன். அக்கா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“எல்லாரும் ஒரே பக்கமா போயி ஏன் கியூ நிக்கிறீங்க? அங்கிட்டு என்ன, இலவசமா ஏதும் குடுக்கிறாங்களா?”

மூன்றாவது தேர்வு

என்சிக் ரஹ்மானிடம் போய், என் குதிரையை வலப்பக்கமாக நின்று ஏற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். விதியில் பக்கம் பற்றி ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுமதி கொடுத்தார். நானும் சுப்ராவும் இரண்டு வாரம் வலப்பக்கமாகவே பழக்கினோம். முதல் நான்கு நாள் என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கண் அசந்தால் இடப்பக்கம் போய் நின்றேன்.

தேர்வு நாளில் எங்கள் முறை வந்தது. கயிற்றை வாங்கிய ஊழியர் பல வருட அனுபவஸ்தர். அனுமதி பற்றி அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பழக்கதோஷத்தில் இடப்பக்கமே நின்று நடத்தினார். மாப்பிள்ளை வாசலில் நின்றது. தலையை உயர்த்தியது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சுப்ரா போட்ட சத்தத்தில் மைனாக்கள் பறந்தன. “அண்ணே, அந்தப் பக்கம்! அந்தப் பக்கம் லா!” ஊழியர் திடுக்கிட்டு, குதிரையின் கழுத்துக்கு அடியில் குனிந்து வலப்பக்கம் போனார். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போவதுபோல உள்ளே போனது. பின்கதவு மூடிய சத்தம், நான் கேட்ட இரும்புச் சத்தங்களிலேயே இனிமையானது.

வெளியே வந்த ஊழியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எத்தனையோ குதிரைய ஏத்தியிருக்கேன். இங்க நில்லுன்னு எனக்கே பாடம் எடுத்த குதிரை இதுதான்.”

சனிக்கிழமை

மூன்று வாரம் கழித்துப் பந்தயம். பன்னிரண்டு குதிரைகள். மாப்பிள்ளை வெற்றி பெறும் என்று பத்திரிகைகளில் ஒருவர்கூட எழுதவில்லை. கூண்டுக்குள் முதல் ஆளாகப் போய் அமைதியாக நின்றது. கடைசித் திருப்பத்தில் ஐந்தாவதாக வந்தது. ஜாக்கி ஃபைசால் சாட்டையைத் தொடவே இல்லை. நேர்ப்பாதையில் வெளிப்புறமாகப் போய் ஒவ்வொன்றாகத் தாண்டியபோது, நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு குதிரை நீளத்தில் வென்றது. அந்த வருடம் அதற்குப் பிறகும் மூன்று முறை வென்றது. பட்டியலில் நான் கடைசி வரை முதலிடத்திலேயே இருந்தேன்.

படம் எடுக்க எல்லோரும் குதிரையருகில் வரிசையாக நின்றோம். ராணி அக்கா வலப்பக்கம் நின்று தலைக்கயிற்றைப் பிடித்திருந்தார். வேறு யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. அவர் கணவர் கொஞ்சம் தள்ளி, எதையோ சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு நின்றார். கிட்ட வாங்க என்று கூப்பிட்டேன். நகரவில்லை. அக்கா கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் என்னிடம் சொன்னார்.

“அவரு வர மாட்டாரு தம்பி. இன்னிக்கும் வேற குதிரை மேலதான் கட்டியிருக்காரு.”

இத்தனை கோப்பைகளுக்குப் பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு குதிரையைப் பழக்க ஆறு மாதம் போதும், குதிரைக்காரனைப் பழக்கத்தான் முப்பது வருடமாகிறது.