பளீல் சேரும் இரண்டு கை தூரமும்

பளீல் சேர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு மணலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறார். சூழ நிற்கும் பையன்கள் அவரது விரல் நுனி படாதபடி பின்னால் நகர்கிறார்கள். நகராமல் நிற்பவனின் காதில் ஒரு தட்டு விழும். "தள்ளுடா மனே, மறுகா கோட்டுக்கு ஏத்திருவானுகள்" என்பார். மறுபடி நீதிமன்றம் ஏற வேண்டிவருமாம். பையன்கள் சிரிப்பார்கள். சாய்ந்தமருதுக் கடற்கரையில் உதைபந்துப் பயிற்சி முடியும் மாலைகளில், துஆ என்னும் பிரார்த்தனைக்கு முன் இந்தச் சுற்று தவறாமல் நடக்கிறது. ஊரை விட்டுக் கொரோனா போய் வருடங்கள் ஆகிவிட்டன. சேரின் கைகளை விட்டு மட்டும் அது போகவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவர் உடற்கல்வி ஆசிரியர், அதனால் ஊருக்கே 'சேர்'. குள்ளமான மனிதர். வயிறு அவருக்குச் சற்று முன்னால் நடக்கும். கழுத்தில் தொங்கும் விசிலைக் குளிக்கும்போது கழற்றுவாரா என்பதே எனக்குச் சந்தேகம். பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைக்கச் சுஜூதுக்குப் போகும்போது அது சட்டைக்குள்ளிருந்து நழுவித் தரையில் 'டொக்' என்று தட்டும். பக்கத்தில் தொழுகிறவர்களுக்கு அது பழகிவிட்டது.

கல்யாண வீட்டில் அவரோடு ஒரே சஹனில் உட்கார்வது சோதனைதான். பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, ஒருவர் கை அடுத்தவர் பக்கத்து இறைச்சியை நாடினால் போதும், "ஓப்சைட்!" என்று சத்தம் வரும். "இறைச்சி வேணுமெண்டா பாஸ் கேளுங்க. லைனத் தாண்டி வராதீங்க." என்னை இரண்டு முறை பிடித்திருக்கிறார். இரண்டாவது முறை அநியாயம். அந்தத் துண்டு என் பக்கத்தில்தான் கிடந்தது.

இப்படிச் சோற்றுத் தட்டிலேயே சட்டம் பார்க்கிறவர் ஒருநாள் சட்டத்தை மீறியவராகக் கூண்டில் நின்றார் என்றால் யார் நம்புவார்கள்?

அது கொரோனாவின் இரண்டாம் வருடம். பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களுக்கான போட்டி ஒன்று நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அணித் தலைவன் றிம்சானுக்கும் இன்னும் பலருக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆனால் பயிற்சிக்கு அனுமதி வேண்டும். அதிபர் கல்விக் கந்தோரைக் கைகாட்டினார். கந்தோர் சுகாதாரப் பகுதியைக் கைகாட்டியது. சுகாதாரப் பகுதியோ, அதிபர் பொறுப்பேற்றால் பார்க்கலாம் என்றது. ஒரு பையனுக்கு நோய் வந்து, அவனுடைய வாப்பா வழக்குப் போட்டால் யார் பதில் சொல்வது? எல்லோருக்கும் இதுதான் பயம். அந்தப் பயத்தைக் குறைசொல்லவும் முடியாது.

"பந்து உதைக்கிறத்துக்கு மூணு பேர்ர ஒப்பம் வேணுமாம். மூணு பேர்ர பேனையிலயும் மை இல்ல" என்று சேர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பையன்களைக் கடற்கரைக்குக் கூப்பிட்டுவிட்டார். மணலில் தேங்காய்ச் சிரட்டைகளைத் தூரம் தூரமாகக் கவிழ்த்து வைத்தார். ஆளுக்கு ஒரு சிரட்டை. அதை விட்டு நகரக் கூடாது, நின்ற இடத்திலிருந்தே பந்தைத் தட்டிவிட வேண்டும். முட்டவும் கூடாது, மோதவும் கூடாது. மாஸ்க்கைக் கழற்றாமல் விசில் ஊத முடியாது என்பதால் கைதட்டியே ஆட்டத்தை நடத்தினார். அப்படிப் பளீல் சேர் விசில் ஊதாத நாளும் ஒன்று இருந்தது என்பதை ஊர் பதிந்து வைக்க வேண்டும்.

அன்றைய பயிற்சி ஒழுங்காகவே நடந்தது. பிழை துஆவில் வந்தது.

எங்கள் ஊரில் பந்து விளையாடினாலும் தோணி தள்ளினாலும் முடிவில் கையேந்தி ஒரு துஆ உண்டு. தொழுகை வரிசையில் இடைவெளி விடாதே என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த தோள்கள் இவை. சேர் கையேந்தியதும் பையன்கள் சிரட்டைகளை விட்டு வந்து வட்டமாகத் தோளோடு தோள் ஒட்டி நின்றுவிட்டார்கள். சேரும் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் கொரோனா ஞாபகம் வரவில்லை.

கடற்கரையைப் பார்த்த மாடி வீட்டில் அஸ்பாக் நின்றிருந்தான். மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவன். அவனுடைய உம்மா கமீலா அப்போது மூச்சுத் திணறலோடு படுத்திருந்தார். அவன் அந்த வட்டத்தைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டான். நடுப்பகல் லுஹர்த் தொழுகைக்கு முன் பொலிஸ் வந்துவிட்டது.

தனிமைப்படுத்தல் சட்டத்தை மீறி ஆட்களைக் கூட்டினார் என்று வழக்கு. அதிபர் சேரைக் கூப்பிட்டு, வழக்கு முடியும் வரை ஒருவரும் பந்தைத் தொடக் கூடாது என்றார். "குற்றவாளி எண்டு வந்தா டீமை அனுப்ப ஏலா சேர். ஒங்களுக்கும் விளையாட்டுப் பொறுப்புத் தர ஏலா." அந்தக் கிழமை முழுக்க றிம்சானும் மற்றவர்களும் சேரின் வீட்டு மதிலுக்கு வெளியே வந்து வந்து நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வழக்கறிஞர் முஸ்தாக் ஒரு காலத்தில் சேரின் கோல் காப்பாளன். எந்தப் பக்கம் பந்து வந்தாலும் பாய்ந்து பிடிப்பவன். இதற்கும் பாய்ந்தான். "சேர், படத்தில ஒங்களுக்குப் பின்னால சூரியன் நிக்கிது. ஒரு மூஞ்சையும் தெரியல்ல. நான் அங்க இல்ல எண்டு சொல்லுங்க. கேஸ் முடிஞ்சிரும்."

"துஆ ஓதினது நான்டா. ஓதின நானே அங்க இல்லெண்டு எப்பிடிச் சொல்ற?"

"டீமுக்காகச் சொல்லுங்க சேர்."

சேர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பகல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரை மனைவி நிப்லா கவனித்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொய் சொன்ன புள்ளையள நீங்க கிரவுண்டச் சுத்தி ஓட உடுவீங்க. கோட்டுல நீங்க சொன்னா, ஒங்கள ஆரு ஓட உடுற?" என்று கேட்டாராம். இதைச் சேரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்று சிரித்திருக்க மாட்டார்.

வழக்கு நாளில் நான் நீதிமன்ற வாசலோடு நின்றிருந்தேன். முஸ்தாக் எழுந்து தொண்டையைச் செருமினான். அவன் வாய் திறக்குமுன் சேர் கையை உயர்த்திவிட்டார், பந்தில் கை பட்டதை ரெப்ரிக்குச் சொல்லும் ஆட்டக்காரனைப் போல.

"நான்தான் ஐயா. நான்தான் கூட்டின."

முஸ்தாக் அப்படியே உட்கார்ந்தான். போட்டியும் போயிற்று, மனிதரின் விசிலும் போயிற்று என்றே நினைத்தேன்.

நீதவான் நிமிர்ந்து பார்த்தார். "ஆசிரியரான உங்களுக்கு இடைவெளி விடவேண்டும் என்று தெரியாதா?"

"தெரியும் ஐயா. விளையாடக்குள்ள எல்லாம் விட்டுத்தான் நிண்ட. துஆவுக்குக் கையேந்தினதும் மறந்து போயிட்டுது. எங்கட பழக்கம் அது. பிழைதான்."

"விளையாடும்போது எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்?"

சொல்லிக் காட்டியிருக்கலாம். பளீல் சேருக்குச் செய்துதான் காட்டத் தெரியும். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கூண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். கூண்டை ஒட்டி நின்ற பொலிஸ்காரர் பின்னால் நகர்ந்தார். முஸ்தாக் தலையைக் குனிந்து தப்பினான். நீதவானின் வாயை மாஸ்க் மறைத்திருந்தது. கண்கள் சிரித்ததை நான் பார்த்தேன்.

குற்றவாளி என்று பதியாமல், கடுமையாக எச்சரித்து விடுவித்தார். இனிப் பயிற்சி நடத்துவதென்றால் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையில், இதே இடைவெளியோடு நடத்த வேண்டும் என்றும் கட்டளையில் சேர்த்தார். அதைக் கேட்டதும் மூன்று பேனைகளிலும் மை ஊறிவிட்டது. அடுத்த நாளே மைதானம் திறந்தது.

அணி அரையிறுதி வரை போய்த் தோற்றது. "அந்த ரெப்ரிக்குக் கண் தெரியல்ல" என்று சேர் இன்றைக்கும் சொல்வார். றிம்சான் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அங்கே விளையாடும் படங்களைச் சேருக்கு அனுப்புகிறான். சேர் அவற்றை எங்களுக்கெல்லாம் காட்டுவார், பார்த்தவர்களுக்கே மறுபடியும் காட்டுவார்.

நீதிமன்றத்திலிருந்து திரும்பிய அன்று அவர் நேரே தன் வீட்டுக்குப் போகவில்லை. அஸ்பாக்கின் வாசலில், இரண்டு கை தூரம் விட்டு நின்று, "உம்மாக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டிருக்கிறார். அஸ்பாக் தலை நிமிரவில்லை. "நீ எடுத்தது சரிதான்டா. நாங்க நெருங்கித்தான் நிண்ட" என்று சொல்லிவிட்டு வந்தாராம். கமீலா உம்மா தேறிவிட்டார். சேர் ஓதும் துஆவில் இப்போதும் அவர் பெயர் உண்டு. அஸ்பாக் மட்டும் அன்றிலிருந்து மாடியில் நின்றே ஆட்டம் பார்க்கிறான், கீழே இறங்குவதில்லை. வெட்கம்தான், வேறென்ன.

போன கிழமை நான் போயிருந்தபோதும் நின்றான். சேர் கை நீட்டிச் சுற்றி முடித்தார். "சரி, இப்ப கிட்ட வாங்க" என்றார். பையன்கள் வழக்கம்போல் ஓடிவந்து தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். வலப் பக்கத்தில் ஒட்டவந்தவனை மட்டும் சேர் கையால் மெல்லத் தள்ளி, ஓர் ஆள் நிற்க இடம் விட்டார். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்து, சட்டைக்குள்ளிருந்து விசிலை எடுத்து ஒரு தரம் ஊதினார்.