மாமா மகள் என்று சொன்ன பொய்

சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் பள்ளத்தாக்கின் பழைய பருத்தி ஆலை ஒன்று இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே துப்புரவு வேலை பார்ப்பவர் கஜலக்சுமி. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, உணவகம், மருத்துவமனை என்று பல இடங்களில் உழைத்து, ஐம்பத்தேழு வயதில் இந்த வேலைக்கு வந்திருந்தார்.

சென்ற மார்ச்சில் ஒரு நாள் காலை பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழில் வந்த சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை ஆலை வேலையிலிருந்து விடுவித்த கதையை வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்போ வீட்டு வேலை செய்த பிள்ளைகள்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"அந்தச் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது" என்றார் வழிகாட்டி.

படி துடைத்துக்கொண்டிருந்த கஜலக்சுமிக்குக் கை ஓடவில்லை.

அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, இலங்கை மலையகத்தின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மருதாயி என்ற சிறுமியை யாழ்ப்பாணத்து வீட்டு வேலைக்குக் கூட்டிவந்தார்கள். அவளுக்குப் பத்து வயது. தினமும் கஜலக்சுமியின் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, புத்தகப் பையைப் பள்ளிக்கூட வாசல்வரை சுமந்து வந்து, அங்கிருந்தே திரும்பிப் போவாள். ஒருநாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி ஓர் ஆசிரியர் வீடு வீடாக வந்தார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டார். அம்மா வாய் திறக்குமுன் கஜலக்சுமி முந்திக்கொண்டாள்.

"என்ர மாமாவின்ர மகள், சேர். லீவுக்கு வந்தவ."

ஆசிரியர் போய்விட்டார். கெட்டிக்காரி என்று அம்மா மெச்சினார்.

பள்ளிப் பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்கு வந்த அன்று மாலையே கஜலக்சுமி சூரிச்சிலிருக்கும் தமையன் யோகராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, மருதாயியை ஞாபகம் இருக்கோ?"

"ஓம். ஏன் இப்ப? அவளை நாங்கள் நல்லாத்தானே வைச்சிருந்தனாங்கள்."

"பள்ளிக்கூடத்துக்கு விட்டனாங்களோ?"

அவர் பேச்சை மாற்றினார். ஆனாலும் ஊரில் விசாரித்து, இரண்டு மாதம் கழித்து ஓர் எண்ணை அனுப்பிவைத்தார். கஜலக்சுமி அதைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் தயங்கினார். ஐந்தாம் நாள் எடுத்தபோது ஒரு சின்னப் பெண் பேசினாள். பிறகு போன் கை மாறியது.

"யாருங்க?"

"நான் கஜம். யாழ்ப்பாணத்துக் கஜம்."

"சின்னம்மாவா? நல்லா இருக்கீங்களா?"

நாற்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகும், வேலை செய்த வீட்டுப் பிள்ளையை அழைக்கும் அதே சின்னம்மா. கஜலக்சுமி ஆசிரியர் வந்த நாளைச் சொல்லி, "நான் பொய் சொல்லாட்டி நீ படிச்சிருப்பாய், மருதாயி. என்னை மன்னிச்சுக்கொள்" என்றார்.

"அது ஞாபகம் இருக்குங்க. மாமா மகள்னு சொன்னீங்கல்ல? ரெண்டு நாளைக்கு எனக்குச் சந்தோசம் தாங்கல. அப்புறம் ஒரு தடவ கூட நீங்க அப்படிச் சொல்லல."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். கஜலக்சுமி அழுதார். மருதாயிக்குச் சங்கடமாகிவிட்டது. அங்கே குளிரா, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள். விடிந்தால் கொழுந்து பறிக்கப் போகவேண்டும் என்று சொல்லி விடைபெற்றாள்.

அதன்பின் கஜலக்சுமி இரண்டு ஞாயிறு எடுத்துப் பார்த்தார். இரண்டு முறையும் அந்தச் சின்னப் பெண், மருதாயியின் பேத்திதான் பேசினாள். அப்பாயி வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். ஞாயிற்றுக்கிழமையிலுமா என்று கஜலக்சுமி கேட்கவில்லை.